பெரிய முள்ளை உடைத்தது நான்தான்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணியும் என் முழங்கால் வலியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் கதைகளில் வரும் எலிகளும் நலமென்றே நம்புகிறேன்.

அடியே, பெரிய சேதி! 'சிறுவர் கதை எழுத்தாளர்களின் வாழ்க்கை, சிறுவர்களுக்கே' என்ற வரிசையில் உன்னைப் பற்றிய புத்தகத்தை என்னையே எழுதச் சொன்னார்கள் அல்லவா? முப்பது வருஷம் மின்வாரியத்தில் மின்தடை அறிவிப்பு எழுதிய கை, எழுதியே முடித்துவிட்டது! ஆனால் பதிப்பகத்தில் ஒரு வழக்கம்: அச்சுக்கு முன் மூன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும், நம்பிக்கை வராத இடத்தில் பிள்ளைகள் சிவப்பு அட்டையைத் தூக்குவார்கள், ஒரு அட்டை இறங்காமல் மிச்சமிருந்தாலும் அச்சு கிடையாது.

நேற்றுப் போனேன். ஏழு வயதில் நீ கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை உடைத்ததையும், அப்பா உன்னைச் சாமான் அறையில் உட்கார வைத்ததையும், அங்கேதான் உன் முதல் புத்தகத்து எலிக் குடும்பம் பிறந்ததையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். முப்பத்திரண்டு அட்டைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன!

"ஏழு வயசுல அவ்ளோ உசரம் எப்படி எட்டும்?" என்றாள் முன்பல் விழுந்த ஒருத்தி. நாற்காலி போட்டிருப்பாள் என்றேன். "வாங்க, பாத்துடலாம்!" வகுப்புக் கடிகாரத்தின் கீழே நாற்காலி போட்டு அவளே ஏறினாள். ஒரு சாண் குறைந்தது.

"அந்த வீட்ல வேற யாரு இருந்தாங்க?"

"அப்பா, அம்மா..."

"அப்புறம்?"

"அண்ணன்."

"அண்ணனுக்கு எத்தனை வயசு?"

"பத்து" என்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பாவுக்கே தோன்றாத கேள்விகள்! "நான்தாம்மா. படிக்கிற நேரம் சீக்கிரம் முடியட்டும்னு முள்ளத் தள்ளினேன், கையோட வந்துடுச்சு. பழிய அவ மேல போட்டுட்டேன்" என்று கொட்டிவிட்டேன்.

அட்டைகள் இறங்கின. பல் விழுந்தவள் மட்டும் விடவில்லை. "சாரி சொன்னீங்களா?"

"இல்ல. ஆனா வருஷாவருஷம் அவ பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு பென்சில் சீவி அனுப்புவேன்."

"அது சாரி இல்ல." அவள் அட்டை மறுபடி எழுந்தது. இன்னும் இறங்கவில்லை!

ஆகவே தங்கையே, என்னை மன்னித்துவிடு. ஐம்பது வருஷமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் போய் உட்கார்ந்தாயே, அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. மன்னித்ததாக ஒரே ஒரு வரி எழுது, அந்தப் பல் விழுந்தவளுக்கு வாசித்துக் காட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் புத்தகமும் இல்லை, எனக்குத் தூக்கமும் இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
காலங்கடந்து உண்மை பேசும் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது பதிப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். உன் பார்வைக்கு அவர் அனுப்பிய பிரதியின் ஓரத்தில் நீ எழுதியிருந்த திருத்தத்தை வாசித்தார். அன்று காலையிலேயே நாற்காலி மேல் முக்காலி போட்டு ஏறி, பெரிய முள்ளைக் கழற்றிப் பொம்மைக்கு வாளாக்கி விளையாடிவிட்டு, பசை தடவி ஒட்டி வைத்தாயாம்! அதுதான் நான் தொட்டதும் கையோடு வந்திருக்கிறது! அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டதற்கு, "சொன்னா பென்சில் நின்னுடுமே" என்றாயாம். அடிப்பாவி! மேலே கேட்ட மன்னிப்பை அடித்துவிட்டுப் படி. அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புக்கு நீயே நேரில் வந்து சாரி சொல். நான் கடைசி பெஞ்சில் இருப்பேன், சிவப்பு அட்டையோடு.