புள்ளி வைத்தால் ஒன்றும் ஆகாது

தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதில் நான் அப்போது பெரிய கெட்டிக்காரி. (இப்போது மட்டும் என்னவாம் என்று அம்மா கேட்பார். அவரை விடுங்கள்.)

தாம்பரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வழிகாட்டிக் குறிப்புகள் எழுதும் வேலையில் சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடியும்போது வேலை நிரந்தரமாகும், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசிப் பரீட்சையாக மேனேஜர் ஜெயந்தி மேடம் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். எங்கள் நிரல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பத்திரமாக வைத்திருக்க கிட் என்று ஒரு மென்பொருள் உண்டு. அதில் செக்கவுட் என்கிற பழைய கட்டளை செய்யும் வேலைகளையே ஸ்விட்ச், ரெஸ்டோர் என்ற இரண்டு புதுக் கட்டளைகளும் பங்கு போட்டுச் செய்கின்றன. எதை எப்போது பயன்படுத்துவது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும்.

ஒரே மத்தியானத்தில் எழுதித் தள்ளினேன். செக்கவுட்டுக்குப் பின்னால் ஒரு கிளையின், அதாவது நிரலின் தனிப் பிரதி ஒன்றின், பெயரைப் போட்டால் அந்தக் கிளைக்குப் போகலாம் என்பது தெரியும். பெயருக்குப் பதில் புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பது தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கௌரவம் என்னாவது? 'புள்ளியும் வைக்கலாம், ஒன்றும் ஆகாது' என்று எழுதிவிட்டேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் குறிப்பையும், அதை எழுதாத ஒருவர், சொந்த மூளையைக் கழற்றி வைத்துவிட்டு, வரிக்கு வரி அப்படியே செய்து பார்க்க வேண்டும். அன்று மாட்டியவர் செல்வம் அண்ணன். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிற சீனியர் புரோகிராமர். கிட்டைப் பட்டன் அழுத்தியே பழகியவர், கட்டளை அடித்துப் பழக்கமில்லை. அன்று மாலை நான்கு மணிக்கு, மறைமலை நகர் உதிரிபாகத் தொழிற்சாலைக்காரர்களுக்கு அவர் தன் மூன்று நாள் வேலையைக் காட்ட வேண்டும். சோதனைக் கம்ப்யூட்டரில் வேறு யாரோ இருந்ததால், தன்னுடையதிலேயே ஆரம்பித்தார்.

"தெறந்து கீறதெல்லாம் மூடுன்னு போட்டுக்கீற. மூடிட்டேன்மா. அடுத்தது?"

"புள்ளி வைக்கணும்ண்ணா."

"வெச்சா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணா. அதான் எழுதியிருக்கேனே."

வைத்தார். கோப்பைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடித் திறந்தார்.

"இன்னாமா இது. திங்கக்கெழம இருந்தது கீது."

கிட்டில் இன்னும் சேர்க்காமல் வைத்திருந்த மாற்றங்களை எல்லாம் அந்தப் புள்ளி துடைத்துவிடும் என்பதை நானும் அவருடனேயே கற்றுக்கொண்டேன். கோப்பு திறந்தே இருந்திருந்தால் பழையபடி மீட்டிருக்கலாம்; எல்லாவற்றையும் மூடச் சொன்னதும் நான்தான் என்பதால், அந்த வழியும் அடைபட்டிருந்தது. மூன்று நாளாக அவர் சாப்பாட்டு மேஜைக்குக்கூட வராமல் உழைத்ததைப் பார்த்தவள் நான். ரொம்ப வெட்கமாக இருந்தது.

"அண்ணா, அந்த வரி எனக்குத் தெரியாது. சும்மா எழுதிட்டேன்."

அவர் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். மூன்று நாள் வேலையும் அதில் அச்சாகியிருந்தது. ரயிலில் படித்துத் திருத்த, தினமும் நிரலை அச்சடித்து எடுத்துப்போவது அவர் பழக்கம். (அதைக் கேலி செய்தவர்களில் முதல் ஆள் நான்.) எனக்கு உண்மையாகத் தெரிந்த ஒரே வித்தை வேகமாகத் தட்டச்சு செய்வது. உட்கார்ந்தேன்.

"எட்டாம் பக்கம் எங்கண்ணா?"

"ரயில்ல சீட்டு ஈரமா இருந்துச்சு. அத்த வெச்சு தொடச்சிட்டேன்."

அந்தப் பக்கத்தை மட்டும் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அடித்தேன். முன்பிருந்த வரிகளில் பாதிதான் வந்தது. மூன்றே முக்காலுக்கு எல்லாம் ஓடியது. தொழிற்சாலைக்காரர்கள் எதைப் பாராட்டினார்கள் தெரியுமா? அந்த எட்டாம் பக்கம் செய்கிற வேலையைத்தான். வரிகள் குறைந்ததில் அது பறந்தது; இவ்வளவு வேகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லையாம்.

மறுநாள் குறிப்பை முதலிலிருந்து எழுதினேன். மூன்று கட்டளைகளையும் அருகருகே நிறுத்தி, கடைசியில் 'எது தொலையும்?' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். புள்ளிக்கு நேராக 'செல்வம் அண்ணனின் மூன்று நாள்' என்று எழுதினேன். ஜெயந்தி மேடம் அதை நீக்கவில்லை. என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அங்கே சேருகிற ஒவ்வொருவரும் முதலில் படிப்பது என் குறிப்பைத்தான். பெருமையாகவே சொல்கிறேன்.

பெருமையெல்லாம் ஆபீசோடு சரி. பொங்கலுக்கு முன்னால் அஸ்தினாபுரம் வீட்டில் நான் பீரோவை ஒழிக்கக் கிளம்பினால், இந்தக் கதை முழுவதையும் என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட அம்மா வாசலை மறித்து நிற்பார்.

"எது தொலையும்னு மொதல்ல சொல்லு."

"ஒண்ணும் ஆகாதும்மா" என்பேன். உடனே பட்டுப்புடவைகளை எல்லாம் வாரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.