தலைகீழ் முத்திரை

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு காலுக்கு நடுவே தலையை விட்டுக் குனிந்து நின்றான் தூசி. உள்ளே பதினோரு புகையிலைப் பைப்புகள் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. காம்பில் குத்தியிருந்த மூன்று எழுத்தும் அப்படி நின்றால்தான் நேராகத் தெரிந்தன.

"என்ன தூசி, சர்க்கஸா?"

"படிக்கிறேன் மேடம்."

அந்தப் பழம்பொருள் காட்சிக்கூடத்தில் தூசி தட்டுவது, பெட்டி தூக்குவது, மாடிப்படி துடைப்பது எல்லாம் அவன்தான். பெயரும் அதனால் வந்ததுதான். அதற்கு முன்னால் எத்தனை பட்டறை, எத்தனை கிடங்கு என்று அவனுக்கே நினைவில்லை. எழுத்துக் கற்றதே நாற்பத்திரண்டு வயதில். இப்போது முட்டி இரண்டும் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்துவிட்டன. மாடியிலோ ஒரு நாற்காலி காலி. பொருளுக்கு அடியில் வைக்கும் குறிப்பு அட்டையை எழுதுகிறவருடைய நாற்காலி. கை வைத்தது, மெத்தை போட்டது.

"பதினொண்ணுலயும் முத்திரை தலைகீழ். ஒண்ணுகூட யாரும் புகைச்சதில்ல. செஞ்சவர் யாருன்னு எந்தப் புத்தகத்திலயும் இல்ல," என்றாள் காட்சிக்கூடத்தை நடத்தும் மேடம். "சனிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள கண்டுபிடிச்சு நீங்களே அட்டை எழுதிக் குடுங்க. அந்த நாற்காலி உங்களுக்கு."

ஒரு பைப்பைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நேரே புகையிலைக் கடைக்குப் போனான்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாயில வைங்க."

"பழக்கமில்லீங்களே."

"வச்சாத்தானே சூட்சுமம் தெரியும்?"

வாயில் வைத்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் கடைக்காரர் புகையிலையை அடைத்துத் தீக்குச்சியையும் கிழித்துவிட்டார். தூசிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்ப கீழ பாருங்க. எழுத்து நேரா இருக்கா? மத்தவன் எல்லாம் எதிர்ல நிக்கிறவனுக்காகக் குத்துவான். இவன் புகைக்கிறவனுக்காகக் குத்தியிருக்கான்!"

இருமலுக்கு நடுவில் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பைப்பின் உள்பக்கம் கரியாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கரி போகவில்லை, பளபளப்பு போயிற்று.

வீட்டு வாசலிலேயே மனைவி மூக்கைச் சுளித்தாள். "இந்த வயசுல புகையா?"

"ஆராய்ச்சிடி."

"எல்லாரும் மூளையால ஆராய்ச்சி பண்ணுவாங்க. உனக்கு வாய் போதும்போல."

மறுநாள் மேடம் பைப்பின் வாயை எட்டிப் பார்க்கும் முன்னால் கடைக்காரர் சொன்னதை மூச்சு விடாமல் ஒப்பித்தான். அவள் பைப்பையே மறந்துவிட்டாள்.

"இவர் சாதாரண ஆளே இல்ல தூசி! 'புகைப்பவரின் கண்ணால் உலகைப் பார்த்த கலைஞர்.' அழைப்பிதழ்ல போட்டுடறேன்."

"இருக்கலாம்னுதான் மேடம் சொன்னேன்."

"இருக்கலாம்னு அழைப்பிதழ்ல போட முடியுமா?"

அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு பல் டாக்டர் வந்தார். பைப்பு சேர்ப்பதில் பைத்தியம் பிடித்தவர். கரிந்த பைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இது அவரே புகைச்சுப் பார்த்த சோதனைப் பைப்பு! பிடிக்காம சுரண்டிக்கூடப் பார்த்திருக்கார்!"

தூசி கிட்டே போனான். "அது வந்து டாக்டர்... நான்தான்..."

"தெரியுமே, நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. அடக்கம் வேணாம்."

கரிந்த பைப்புக்குத் தனிப் பெட்டி, தனி விளக்கு வந்தன. வியாழக்கிழமைக்குள் அந்த ஆள் கலைஞன், பிடிவாதக்காரன், தன் வேலையைத் தானே சுரண்டிப் பார்க்கும் மேதை என்று எல்லாமாக ஆகிவிட்டான். பெயர்தான் இல்லை.

"இதையே அட்டையில எழுதிட்டுப் போய் நாற்காலில உக்காரேன்," என்றாள் மனைவி.

தூசி மாட்டேன் என்றான். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றது பொய் எழுதவா? முத்திரையை ஒரு தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். முட்டிக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினான். ஒருவன் நாயை அவிழ்த்துவிட்டான். இன்னொருவன் வேலை கேட்டு வந்தவன் என்று நினைத்து இரண்டு மூட்டை தூக்கவைத்தான். தூக்கி வைத்துவிட்டுத் தூசி மறுபடி தாளை நீட்டினான்.

பதினாலாவது பட்டறையில் ஒருவர் தலையை ஆட்டினார். "இது மூடிப்போன மரக் கடைசல் பட்டறை முத்திரை. அங்க இருந்த மேஸ்திரி இன்னும் இருக்கார்." போன் நம்பரையும் கொடுத்தார்.

போனில் மேஸ்திரி விஷயத்தைக் கேட்டார். "எல்லாமே தலைகீழாவா இருக்கு?" என்றார். பிறகு வெகுநேரம் சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

"அவர உங்களுக்குத் தெரியுமாங்க?"

"அந்த ஆள மறக்க முடியுமா? வண்டி அனுப்பு. நேர்ல வந்து நாலு பேருக்கு முன்னாடி சொல்றேன்."

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. மேடம் மாடி நாற்காலியையே கீழே இறக்கி, மேடையில் போட்டு, அதில் தூசியை உட்கார வைத்தாள். மடியில் வெள்ளை அட்டை, கையில் பேனா. மெத்தையில் உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் கும்பிடு போட்டன.

சோடாபுட்டிக் கண்ணாடியோடு மேஸ்திரி வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மேதையாம்ல! அது எங்க முதலாளி பேரோட மூணு எழுத்து. கடைஞ்சது நாங்க ஆறு பேரு. முத்திரை குத்த மட்டும் ஒருத்தன் வந்தான். ஒரு எழுத்து தெரியாது. அவன் முன்னாடி வெறும் காம்புக் கட்டையாக் குவிப்போம். அது எதுக்குன்னுகூடக் கேக்க மாட்டான், மாடு மாதிரி குத்துவான். ஒரு வாரம் கழிச்சு, எல்லாத்தையும் மாட்டினப்புறம் பாக்குறோம், மூட்டை முழுக்கத் தலைகீழ். முதலாளி காரணம்கூடச் சொல்லாம அவன அன்னைக்கே விரட்டிட்டாரு. விக்க முடியாம மூட்டையப் பரண்ல போட்டோம். அதான் எவனும் புகைக்கல."

"அப்ப அந்தச் சோதனைப் பைப்பு?" என்றார் பல் டாக்டர், அழாத குறையாக.

"அது எந்தக் கிறுக்கன் பண்ணின வேலையோ!"

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டாள். மேதை போயிற்று, நாற்காலியும் போய்விடும்போல இருந்தது. ஆனாலும் தூசி அசரவில்லை. கிடைத்தது உண்மை. அதை எழுதாமல் எழுந்திருப்பதில்லை என்று அட்டையை நிமிர்த்திப் பிடித்துப் பேனா மூடியைக் கழற்றினான்.

"இருக்கட்டும் மேஸ்திரி. முத்திரை குத்தினவரும் வேலை செஞ்சவர்தானே? அவர் பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மேஸ்திரி கிட்டே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, தூசியின் முகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"எழுதவே கத்துக்கிட்டியா? அப்ப உன் பேர நீயே எழுதிக்கோப்பா, இந்தத் தடவையாவது நேரா எழுது."