நாலாம் நம்பர் காகிதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை தஸ்தகீரின் காகிதத்தில் ஒரு பொத்தல்கூட விழவில்லை. பத்துத் தோட்டா சுட்டிருந்தார். காகிதம் போனபடியே திரும்பி வந்தது.

போன வாரமும் இதே துப்பாக்கி, இதே முந்நூறு மீட்டர், இதே ஆள்தான். அன்றைக்குப் பத்துக் குண்டும் கறுப்பு வட்டத்தின் நடுவே, ஒரு பிஸ்கட்டை வைத்து மூடிவிடக்கூடிய இடத்துக்குள் விழுந்திருந்தன. அதைக் கையில் வாங்கிய தஸ்தகீர் தம் கையையும் பார்த்தார். யாங்கோனின் தாமுவே பகுதியில் முப்பது வருஷமாக ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற கை அது. ஒழுங்காக ஓர் ஆணி அடிக்கத் தெரியாத கையும்கூட. அதற்குள் இப்படி ஒன்றை ஒளித்து வைத்திருந்தானா இறைவன் என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். காகிதம் சட்டம் போட்டு முன்னறையில் தொங்கியது. மனைவி பரீதா, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் பேசும்போது சட்டியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். பிறகு தெரு முழுக்கச் சொல்லியும்விட்டாள்.

இப்போது வெறுங்காகிதம். அதுவும் மாண்டலேயில் நடக்கவிருந்த கிளப்புகளுக்கிடையேயான போட்டிக்கு அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்த சமயத்தில்.

"ஊ தஸ்தகீர், ஒரு வாரம் உங்களைப் பார்த்தா பிரமிப்பா இருக்கு, மறுவாரம் பயமா இருக்கு" என்றார் கிளப் செயலாளர் ஊ சோ வின், பர்மியர் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் 'ஊ' போட்டு. "அடுத்த மாசக் கடைசியில தேர்வு. அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

ஷ்வேப்யிதா புறநகரைத் தாண்டிய ஒரு பொட்டல் வெளிதான் சுடுமிடம். இந்தக் கோடியில் ஐந்து பாய்கள், அந்தக் கோடியில் ஐந்து மரச்சட்டங்கள். எல்லாச் சட்டங்களிலும் எப்போதும் காகிதம் ஒட்டியிருக்கும். தஸ்தகீருக்கு நாலாம் நம்பர். இடுப்புப் பிடிப்பு இருந்ததால் உடம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துத்தான் படுப்பார். ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஒரே ஒரு காகிதம் தெரியும். அந்தத் தூரத்தில் பொத்தலும் தெரியாது, நம்பரும் தெரியாது. சட்டங்களுக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் அமீர் அலி கடைசியில் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் சேதி தெரியும்.

அஞ்சாம் நம்பரில் படுப்பவர் தின்ஸா என்ற பெண் பல் டாக்டர். பாவம், அவர் காகிதத்தைப் பார்க்கச் சகிக்காது. வாராவாரம் கீழ் மூலையில் அரிசி கொட்டினாற்போல் பொத்தல்கள் சிதறிக் கிடக்கும். அந்த ஞாயிறு யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால் அவர் வரவில்லை. நல்லவேளை, என் மானம் போனதைப் பார்க்கவில்லை என்று தஸ்தகீர் நினைத்துக்கொண்டார்.

கோளாறு ஸ்கோப்பில்தான் என்று முதலில் அதன் திருகாணிகளை முறுக்கினார். மறுவாரம் பத்தும் வட்டத்துக்குள் விழுந்தன. ஆனால் ஒரு முறை ஏமாந்தவர், விடுவாரா? மூச்சையும் சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்தார். அதற்கடுத்த வாரம் பாதி மூச்சில் அடக்கி, மனசுக்குள் கலிமா சொல்லி முடித்துவிட்டுச் சுட்டுப் பார்த்தார். அருமையாகத் தோன்றியது. நமக்குக் கிடைத்தது நாலு பேருக்குக் கிடைக்கட்டும் என்று தின்ஸாவுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவர் கைகுவித்து நன்றி சொல்லிவிட்டு, முகம் சிவக்கச் சிவக்க மூச்சை அடக்கினார்.

அன்று தஸ்தகீரின் காகிதத்தில் பொத்தல்கள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டன. தின்ஸாவுடையதில் அதே கீழ் மூலை.

அடுத்த வாரம், துப்பாக்கியைத் தோளோடு இறுக்கிப் பிடிப்பதுதான் வழி என்று கண்டுபிடித்தார். அதையும் தின்ஸாவுக்குச் சொல்லித் தந்தார். அன்று பொத்தல்கள் சோற்றுத் தட்டளவுக்கு விரிந்தன. அதற்கடுத்த வாரம் துப்பாக்கியே சரியில்லை என்று சொல்லி, தின்ஸாவுடையதோடு மாற்றிக்கொண்டார். அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அன்று நாலாம் நம்பரில் இரண்டே பொத்தல்கள், அதுவும் ஓரத்தில். அஞ்சாம் நம்பரில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. துப்பாக்கியை மாற்றியும் தேறாத கையும் உண்டா என்று தஸ்தகீருக்கு மனசு இளகியது.

தேநீர்க் கடையில் வைத்து ஆறுதல் சொல்லலாம் என்று கூட்டிப்போனார். சர்க்கரை போடாத தேநீர் கேட்ட தின்ஸாவுக்குக் கடைக்காரர் பாகு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பல் டாக்டர் அதைச் சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

"மாத்தித் தரச் சொல்லலாமே, ஸயாமா?" என்றார் தஸ்தகீர், டாக்டரம்மாவைப் பர்மிய வழக்கப்படி அழைத்து.

"ஆனாடே" என்றார் தின்ஸா மெதுவாக. அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று கூசிப்போவதற்குப் பர்மியர் சொல்லும் சொல் அது. அந்தக் கூச்சம் யாங்கோனில் எல்லோருக்கும் உண்டு, இவருக்குச் சற்று அதிகம்.

தேர்வுக்கு முந்தின வாரம் தஸ்தகீர் ஓய்ந்துபோனார். தம் துப்பாக்கியையே திரும்ப வாங்கிக்கொண்டார். "எனக்கே ஒண்ணும் புரியலை, ஸயாமா. நீங்க உங்களுக்குத் தோணினபடி சுடுங்க" என்று சொல்லிவிட்டு, பாரத்தை இறைவன்மேல் போட்டுப் படுத்தார்.

அமீர் அலி காகிதத்தைக் கொண்டுவந்தபோது ஊ சோ வின் தொப்பியைக் கழற்றிவிட்டார். பத்துக் குண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, நட்ட நடுவில் ஒரே ஓட்டையாகியிருந்தன. விரலை விட்டுப் பார்த்தார் தஸ்தகீர். அறுபது வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு கை கிடைக்குமானால் உலகத்தில் எதுவும் நடக்கும் என்று தோன்றியது. அன்றிரவு பரீதா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாண்டலேக்கு எத்தனை கைலி எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

தேர்வு நாளில் ஊ சோ வின் ஒரு புது விதி சொன்னார். ஒருவர் சுடும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடக்கூடாது.

தின்ஸாவின் முகம் வெளுத்தது. வழக்கம்போல எல்லோரும் ஒன்றாகச் சுடலாமே என்று கெஞ்சினார். ஊ சோ வின் அசையவில்லை. பாவம், தனியாகச் சுட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என்று தஸ்தகீருக்குப் புரிந்தது. நான் முதலில் சுடுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள், தானாகத் தைரியம் வரும் என்று தேற்றிவிட்டுப் பாயில் படுத்தார்.

இடுப்பைச் சாய்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பிஸ்மில்லா சொல்லி நிதானமாகச் சுட்டார். ஒவ்வொரு குண்டும் நடுவில் போய் இறங்குவதை மனக்கண்ணில் கண்டார். எழுந்தபோது முகத்தில் ஒளி வீசியது. தின்ஸா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. நாலாம் நம்பரில் ஒன்றுமே இல்லை என்றது அமீர் அலியின் குரல், பர்மிய மொழியில்.

தஸ்தகீர் செயலாளர் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். "அமீர் அலி, நல்லாப் பாருப்பா. பத்துக் குண்டும் எங்கே போச்சு?"

அமீர் அலி, மற்றவர்களுக்குப் புரிய வேண்டாம் என்பதுபோல, தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாய், முதல் நாளிலேர்ந்து நீங்க அஞ்சாம் நம்பரைத்தான் சுடுறீங்க, உங்க காகிதம் காலியா வந்தா மனசு ஒடிஞ்சுபோவீங்களேன்னு டாக்டரம்மாதான் இத்தனை நாளும் நாலாம் நம்பரைச் சுட்டுக்கிட்டிருந்தாங்க."