எஸ் சிக்ஸ் குப்பி கவர்ந்த படலம்

“அண்ணா, அந்த எஸ் சிக்ஸ் டியூபைக் குடுங்க.”

என்று கேட்ட வாய் வாழ்க. கேட்டபின் மூடாத வாய் அதனினும் வாழ்க. ‘என்ன வேணும்னாலும் கேளு, அவர்கிட்ட அத மட்டும் கேக்காத’ என்று ஆய்வகத்து அக்கா முதல் நாளே காதோடு காதாக ஓதிய கட்டளையைக் காற்றில் பறக்கவிட்டவள். தன் குலத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் காலுக்கு உரியவள். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்ற ஒரே மறையைக் கேட்டு வளர்ந்தவள். வெள்ளங்கிக் கவசத்தாள், நீலக் கையுறைக் கரத்தாள், மூவேளையும் கோபத்தாள். இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவியாம் நம் தலைவியைப் பாடுவோம்.

எஸ் சிக்ஸ் யாதெனில், மனித உயிரணு ஒவ்வொன்றுள்ளும் புரதம் சமைக்கும் அடுப்படிகள் லட்சக்கணக்கில் உண்டு. ரைபோசோம் என்று பெயர். அவ்வடுப்படியில் விடுப்பே எடுக்காமல் நிற்கும் பணியாளன்தான் எஸ் சிக்ஸ் என்னும் புரதம். ஆயிரமாயிரம் புரதங்கள் முண்டியடிக்கும் திரளில் அவனொருவனை மட்டும் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி, கருங்கோடாகக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனே அக்குப்பியில் உறைந்த ஆன்டிபாடி. அந்தக் கோட்டை நாளைக் காலை மதிப்பீட்டுக் குழுவின்முன் அவள் காட்டியாக வேண்டும். காட்டாவிடில், இரண்டாண்டு கண்விழித்து வளர்த்த அவளது ஆய்வு அண்ணன் கைக்குப் போகும். ஆய்வகத்தை ஆளும் மேடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அண்ணனோ, ஆய்வகத்தின் மூத்த மாணவன், ஏழாண்டாய்ப் பட்டம் பெறாத பெருந்தவத்தான். உறைபெட்டிக் கோட்டையின் காவலன். அதன் மூன்றாம் தட்டில், நீலப் பெட்டிக்குள் சிவப்புப் பெட்டிக்குள், ‘தொட்டா கை இருக்காது’ என்று மூன்று நிறத்தில் எழுதி ஒட்டி, ஒன்றரை ஆண்டாகத் தானும் தொடாமல் அக்குப்பியைக் காத்து வந்தான். அவன் முழங்கினான்:

“இருக்குறதே பத்து மைக்ரோலிட்டர். என் பேப்பருக்கு வேணும். நீ முதல்ல உன் சாம்பிள ஒழுங்கா எடுக்கக் கத்துக்கம்மா.”

“என் சாம்பிளுக்கு என்ன? மொத வரிசையில உங்க சாம்பிளையும்தான் ஏத்தியிருக்கேன். எது ஒழுங்குன்னு பாத்துருவோம்.”

யார் எந்தச் சோதனையை ஓட்டினாலும் புரதச் சவ்வின் முதல் வரிசையில் அண்ணனின் சாம்பிளை ஏற்றுவது அந்த ஆய்வகத்தின் மரபு. அது என்றும் பொய்க்காது என்பது அவர்களின் ஐதீகம்.

மூண்டது போர். கடலை மத்தொன்று கடைந்தாற்போல் அவள் கதவை இழுக்க, மலையொன்று சரிந்தாற்போல் அவன் கதவில் சாய, ரப்பர் விளிம்பு பொளக்கென்று விட்டுக்கொடுக்க, வெண்பனித் துகள் புகைபோல் எழ, அக்கா மாப்புக் கட்டையைத் தண்டாயுதமென ஏந்தி ஓடிவர, காவலன் குப்பியைப் பறித்துத் தன் தலைக்குமேல் உயர்த்தினான். அவளோ ஐந்தடி. எட்டவில்லை. எட்டாத இடத்தில் எகிறுவது அவள் வழக்கமன்று. ஐஸ் நிரம்பிய வாளியை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

“கைச்சூட்டுல கெட்டுரும்ணா.”

அக்கணமே வீழ்ந்தான் வீரன். உருகும் குப்பியைக் கண்டு உள்ளம் உருகி, பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் இடுவான்போல் அதை ஐஸில் வைத்தான். வாளியோடு அவள் நடையைக் கட்டினாள்.

ஐந்து மைக்ரோலிட்டரைப் பிப்பெட் வேலால் மொண்டு, புரதங்கள் படிந்த சவ்வின்மேல் கரைத்து ஊற்றி, ஆட்டி, அலசி, மீண்டும் ஆட்டி, மூன்று மணி நேரம் கழித்துக் கேமராப் பெட்டிக்குள் வைத்தாள். திரை விரிந்தது. பாலைவனம். ஒரு கோடில்லை, ஒரு புள்ளியில்லை.

“நான் சொன்னேன்ல, உன் சாம்பிள்…” என்று தொடங்கிய அண்ணனின் பார்வை முதல் வரிசைக்குப் போயிற்று. அங்கும் பாலைவனம். ரைபோசோம் இல்லாமல் மனித உயிரணு ஒருநாளும் வளராது. எனில், இருவரும் ஆண்டுக்கணக்கில் கூழாங்கல்லை அரைத்திருக்க வேண்டும். அல்லது, குப்பிக்குள் ஒற்றனே இல்லை.

அக்காதான் முதலில் ஒப்புக்கொண்டாள். “போன வருஷம் ரெண்டே ரெண்டு மைக்ரோலிட்டர் எடுத்தேன். அளவு குறைஞ்சா தம்பி கண்டுபிடிச்சிரும்னு பஃபர் உப்புத்தண்ணிய ஊத்தி வெச்சேன்.”

“நீங்களுமாக்கா?” என்றான் கண்ணாடி என்று பெயர்பெற்ற சக மாணவன். “நான் மூணு தடவ ஊத்தினேன்.”

அண்ணன் மேற்கூரையைப் பார்த்தபடி, “முதல்ல ஊத்துனது நான்தான். சீக்கிரம் தீந்துறக் கூடாதேன்னு,” என்றான்.

உப்புத்தண்ணீருக்கு உயிரைக் கொடுத்த மறவனே, நின் கொற்றம் வாழ்க. ஊரையே விரட்டிக் காத்தாயே ஒரு புதையல், அதில் புதைந்திருந்தது நீ ஊற்றிய தண்ணீர்.

சத்தம் கேட்டு வந்த மேடம் தீர்ப்புரைத்தார். “புதுசு வர மூணு வாரம் ஆகும். நாளைக்கு நீ எதுவும் காட்ட வேணாம், ப்ராஜெக்ட அவனே முடிக்கட்டும். இந்தக் குப்பி விஷயம் மட்டும் கீழ் மாடி லேபுக்குப் போயிறக் கூடாது. மானம் போயிரும்.”

கீழ் மாடி லேப் என்பது பகைநாடு. அதன் பேராசிரியரும் மேடமும் பேசி நான்கு ஆண்டாகிறது. ஆனால் அங்கே போன வாரம் வந்திறங்கிய எஸ் சிக்ஸ் உண்டு, ஆளும் தேவையாம். கண்ணாடி தன் மூன்று திருட்டையும் ஒப்புவித்துக்கொண்டிருந்தபோதே தலைவி முடிவெடுத்தாயிற்று. சவ்வில் படிந்த புரதம் எங்கும் ஓடிவிடாது. நல்ல ஆன்டிபாடியை ஊற்றினால் இன்று மாலையே வாய் திறக்கும். அந்தச் சவ்வைப் பஃபரோடு டப்பாவில் இட்டு மூடினாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். வழிகாட்டியை மாற்றக் கோரும் படிவத்தை அச்செடுத்து, நிரப்பி, கையெழுத்திட்டு, மேடத்தின் கையிலேயே கொடுத்தாள்.

“யாரக் கேட்டு?” என்றார் மேடம்.

“கேட்டது போதும் மேடம்.”

முரசு அதிர, கொடி பறக்க, நால்வகைப் படையும் பின்னே திரண்டு வர, பகைநாட்டின்மேல் படையெடுத்துச் செல்லும் பேரரசியென, நெஞ்சோடு டப்பாவை அணைத்து, நிமிர்ந்த தலையோடு, அகன்ற கதவைக் காலால் தள்ளித் திறந்து, தாழ்வாரம் கடந்து, திரும்பிப் பாராமல் சென்றாள்.

லிஃப்ட் ஓடவில்லை, படியில் இறங்கினாள்.