தொடாதே, அசைக்காதே

"கை நடுங்குதே, மருந்தைச் சரியா அளந்தீங்களா?" என்று மனைவி கேட்டதுதான் தப்பாகப் போயிற்று.

"யாரைப் பார்த்து என்ன கேள்வி கேக்குற?"

எடையளவு ஆய்வாளர் முப்பது வருடம் சந்தை சந்தையாகப் போய்ப் பிறர் தராசைப் பிடுங்கியவர். ஓய்வு பெற்றும் முத்திரை குத்தும் கை ஓயவில்லை. வீட்டுச் சர்க்கரை டப்பாவில்கூட அவர் கையெழுத்து உண்டு.

பல வருடமாக விழுங்கிய தூக்க மாத்திரையை இப்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீரியமான மருந்து, கத்தியால் வெட்டினால் துண்டுக்குத் துண்டு மாறும். அதனால் மருந்துக்கடையிலேயே பொடித்துத் திரவத்தில் கலந்து, வாரம் ஒரு பாட்டில் தந்தார்கள். தினமும் சாயங்காலம் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து குடிக்க வேண்டும். பாட்டில் வாசல் தாண்டியதுமே அதன் வயிற்றில் தம் சீட்டை ஒட்டிவிடுவார்: 'தொடாதே. அசைக்காதே. ஆய்வாளர்.'

"நீ சமையலறையிலேர்ந்து ஆட்டிக்கிட்டே கொண்டு வர்றே. மருந்து அலைபாயுது. அளவு எப்படி நிக்கும்?"

"சரி சாமி, இனிமே தொட்டா கேளுங்க."

கூடத்து அலமாரியில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, பாட்டிலை நிரந்தரமாகக் குடியேற்றினார். எடுத்துச் சாய்க்கவும் தடை. மேலிருந்து மெல்லிய குழாய் விட்டுச் சிரிஞ்சால் உறிஞ்சினார்.

நடுக்கம் கூடியது. காப்பி டம்ளர் தாளம் போட்டது.

"சிரிஞ்சு பொய் சொல்லுது" என்று இன்னும் மூன்று வாங்கினார். நான்கும் ஒரே அளவைக் காட்டின. "நாலும் கூட்டுக் களவாணிங்க!"

வாரக் கடைசியில் கதை தலைகீழானது. ஓய்வூதிய அலுவலகத்தைத் தொலைபேசியில் திட்டிக்கொண்டிருந்தவர், 'நீங்க எல்லாம்' என்ற இடத்தில் குறட்டை விட்டார். பட்டப்பகலில்.

நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஓடி வந்தாள். "அப்பா, இன்னொரு வாரம் இப்படிப் போச்சுன்னா, குறைக்கறது உடம்புக்கு ஒத்துக்கலைன்னு டாக்டர் பழைய அளவுக்கே ஏத்திடுவார். நாலு மாசம் பட்ட பாடு வீண்."

ஆய்வாளருக்கு முதன்முறையாக முகம் வாடியது. ஆனால் வீறாப்பை விடவில்லை. "என் கண் மட்டம்தான் ஒரு நூல் இறங்கியிருக்கு. சரிபண்ணிடறேன்."

அலமாரி முன் ஒரு முக்காலி போட்டார். புதுப் பாட்டில், புதுச் சீட்டு. அதே வாரம் கூடத்துக்கு வெள்ளையடிக்க வந்த பெயின்டரிடம், "எதுக்குய்யா டப்பாவை ஓயாம கலக்குற? வேலையைப் பாரு" என்று ஓர் அதட்டல்.

"இதுவும் வேலைதான் சார்."

ஏழு நாள். நடுக்கம் இல்லை, பகல் தூக்கம் இல்லை. மகள் பூரித்துப்போனாள்.

"முக்காலி!" என்று முழங்கினார் ஆய்வாளர். "எல்லாம் கண் மட்டம். உங்க ஆஸ்பத்திரியில ஒரு கூட்டம் ஏற்பாடு பண்ணு, நானே வந்து பாடம் எடுக்கறேன்."

ஏணியிலிருந்து பெயின்டர் தொண்டையைக் கனைத்தார்.

"கோச்சுக்காதீங்க சார். அலமாரிப் பக்கம் அடிக்கறதுக்காகத் தினமும் பாட்டிலை இறக்கி, சாயங்காலம் திரும்ப வச்சேன். மருந்தெல்லாம் பெயின்ட் மாதிரி அடியில தங்கிக் கெடந்துச்சா, கை சும்மா இருக்கல, தெனமும் நல்லாக் குலுக்கிட்டேன். அதுல இன்னைக்கு உங்க சீட்டு வேற பிஞ்சு வந்துருச்சு. அந்தச் சீட்டுக்கு அடியில பார்த்தா, மருந்துக்கடைக்காரரும் அதைத்தான் செய்யச் சொல்லியிருக்காரு."