ரெண்டு பிரேக் வண்டி

"பிரேக்குலருந்து காலை எடு தாவீது."

"நான் வைக்கவே இல்லப்பா."

"வைக்காமத்தான் வண்டி நாப்பதைத் தாண்ட மாட்டேங்குதா?"

தாவீது ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார். பாலாஜி பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினார்.

அது பின்னால் பெயர் எழுதிய, பாலாஜியின் டிரைவிங் ஸ்கூல் கார். பழக வருகிறவர்கள் தடுமாறினால் நிறுத்துவதற்காகப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்காக அந்த இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் வேகத்தை அடக்கியவர் பாலாஜி. இன்றைக்கு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, அந்த பிரேக் தாவீதின் பொறுப்பில் போய்விட்டது. ஆளைப் பின்னால் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று பெரிய காஞ்சிபுரத்தைத் தாண்டும்போதே அவருக்குத் தோன்றியது. அதற்குள் பிரேக் பலமுறை அமுங்கியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நடக்கும் கார் ரேஸுக்குத்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் ரேஸில் ஓட்டப்போகிறவன் தினேஷ். இதே காரில், இதே பாலாஜியிடம் கிளட்ச் விடக் கற்றவன். அவனுக்கு இது முதல் போட்டி. "நல்லா ஓட்டினா ஒரு டீம்ல எடுத்துக்குவாங்க மாஸ்டர். நீங்க வந்து நின்னா எனக்கு தைரியமா இருக்கும்" என்று போன் செய்திருந்தான். அந்தச் செய்தியை பாலாஜி டீக்கடை, சலூன், பட்டுக்கடை வாசல் என்று ஓரிடம் பாக்கி வைக்காமல் பரப்பிவிட்டார்.

தாவீது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பாலாஜிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். இருவருக்கும் ரேஸ் என்றால் உயிர். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ரேஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், கடைக்காரர் விளக்கை அணைப்பார், பேச்சு மட்டும் நிற்காது.

"இப்ப நடக்குறது ரேஸாப்பா? கருட சேவை. ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் ஊர்வலம் போறானுங்க. கொஞ்சம் உரசிட்டா உடனே தண்டனை. எங்கருந்து வரும் விறுவிறுப்பு?" என்றார் பாலாஜி.

"கருட சேவையில யாரும் யாரையும் இடிச்சுத் தள்றது இல்லையே" என்றார் தாவீது. "இப்ப இருக்குற பசங்க பக்கத்துல வர்றவனைத் தடத்தை விட்டே தள்றானுங்க. அதுவா தெறமை? ஒரு வண்டி நுழையிற அளவுக்கு எடம் விடணும். அதுதான் மரியாதை."

"மரியாதை வேணும்னா கல்யாண வீட்டுக்குப் போ. முட்டி மோதாதவன் ரேசரே இல்ல."

இதைச் சொன்ன வாய்தான் மற்ற நாட்களில், "அவன் போவட்டும்மா, நமக்கு இன்னா அவசரம்" என்று வண்டி பழக வரும் பெண்களுக்குப் பாடம் எடுக்கும் வாய்.

அன்று முகூர்த்த நாள். பட்டெடுக்க வந்த வேன்கள் ஊருக்கு வெளியே வெள்ளை கேட் வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றன. பாலாஜி யோசிக்கவில்லை. வாலாஜாபாத் வழியாகச் சுற்றிப் போனால் சீக்கிரம் என்று வண்டியைத் திருப்பினார். வாலாஜாபாத்தைத் தாண்டியதும்தான் தெரிந்தது, அகலப்படுத்துவதற்காக அந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்று. மிச்சமிருந்த தாரில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போவதே கஷ்டம்.

அப்போதுதான் பின்னால் ஒரு சிவப்புக் கார் வந்து ஹாரன் அடித்தது.

பாலாஜி கண்ணாடியில் பார்த்தார். அவர் முதுகு நிமிர்ந்தது.

"வழி விடுப்பா, இன்னா அவசரமோ" என்றார் தாவீது.

"இன்னா அவசரம்? அவனும் ரேஸ் பாக்கத்தான் வரான். முன்னாடி போயி நெழல்ல வண்டி நிறுத்தணும், அவ்ளோதான்."

சிவப்புக் கார் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது.

"லைட்டு அடிக்கிறான் பாரு. இன்னா திமிரு."

"முட்டி மோதுறவன்தான் ரேசர்னு நீதானே சொன்னே?"

"அது ரேஸ்ல. இது ரோடு."

"ரோடுன்னா வழி விடு."

"விட்டா பயந்துட்டோம்னு நெனைப்பான்."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று தாவீது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இடப்பக்கமாக முந்திக்கொள்ளும்படி ஜாடை காட்டினார். சிவப்புக் கார் நன்றியோடு இடப்பக்கம் வந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்த பாலாஜி, தானும் இடப்பக்கம் வந்தார். அது வலப்பக்கம் போனது. இவரும் போனார். தறியில் ஓடும் நாடாவைப் போல டிரைவிங் ஸ்கூல் கார் சாலையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியது. பாலாஜியின் முகத்தில் இதுவரை வீட்டில்கூட யாரும் பார்க்காத ஒரு களை.

"இதான் தாவீது, இதான் ரேஸு."

தாவீதால் பொறுக்க முடியவில்லை. வேகம் குறைந்தால் அந்தக் கார் எப்படியாவது தாண்டிப் போய்விடும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். காலை பிரேக்கில் வைத்து அழுத்தினார்.

வண்டி சட்டென்று தயங்கியது. பின்னால் நெருங்கி வந்துகொண்டிருந்த சிவப்புக் கார் இடிக்காமல் தப்பிக்க ஓரமாக ஒடித்தது. தோண்டிக் கொட்டியிருந்த மண்ணில் இறங்கி, முன் சக்கரம் புதைய நின்றுவிட்டது.

"மண்ணுல எறங்கிடுச்சு" என்றார் பாலாஜி, வெற்றிக் கோட்டைத் தாண்டியவர் குரலில்.

தாவீது திரும்பிப் பார்த்தார். புழுதிக்கு நடுவே ஓர் அம்மா இறங்கி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கைபேசியைக் காதில் வைத்தார்.

"நிறுத்துப்பா. போயி தள்ளி வுட்டுட்டு வந்துடலாம். என் காலாலதான் ஆச்சு."

"ரோடு போடுற ஆளுங்க அவ்ளோ பேரு நிக்கிறாங்க, தள்ள மாட்டாங்களா? நாம எறங்கினா தினேஷு ரேஸ் போயிடும்."

தாவீது, இனி இந்தக் காலை நம்பிப் பயனில்லை என்பதுபோல இரண்டு கால்களையும் தூக்கி, இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வண்டி பறந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கார்கள் வரிசையில் தயாராக நின்றன. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தினேஷ் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். பாலாஜிக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம், "நம்ம ஸ்டூடண்டு" என்றார்.

ரேஸ் தொடங்கவில்லை. கொஞ்ச நேரம் போயிற்று. வெயில் ஏறிற்று. என்ஜின்களை அணைத்தார்கள். கூட்டம் தலையில் கர்ச்சீப்பைப் போட்டுக்கொண்டது.

"பாத்தியா" என்றார் பாலாஜி. "இந்தக் காலத்து ரேஸு. ஓட்டுறவனுக்கும் சூடு இல்ல, நடத்துறவனுக்கும் பொறுப்பு இல்ல."

கடைசியில் ஒலிபெருக்கி கரகரத்தது. முதல் ரேஸ் ரத்து. மற்ற ரேஸ்கள் குறித்த நேரத்தில் நடக்கும்.

தினேஷ் மெல்ல இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். அதைப் பார்த்ததும் பாலாஜி விறுவிறுவென்று அறிவிப்புக் கூடாரத்துக்குப் போனார். தாவீது பின்னாலேயே ஓடினார்.

கூடாரத்தில் திரிஷா என்று அட்டை மாட்டிய பெண் மைக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கும்மா ரத்து?"

"தவிர்க்க முடியாத காரணம் சார். அடுத்த மாசம் திரும்ப வெப்பாங்க."

"அந்தப் பையன் இதுக்காக எத்தினி நாளு தூக்கம் கெட்டிருப்பான் தெரியுமா? யாரால இந்த லேட்டு?"

"அது வேணாம் சார். பேரைச் சொல்லி ஒருத்தரை அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க."

பேர் இருக்கிறது என்று தெரிந்ததும் பாலாஜி விடவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"மறைக்கிறாங்கப்பா" என்று கூட்டத்திடம் திரும்பினார். "பொறுப்பு இல்லாத ஒருத்தனைக் காப்பாத்திக்கினு இருக்காங்க. பேரு தெரிஞ்சாவணும். மைக்குலயே சொல்லட்டும்."

"மைக்குல சொல்லு" என்றது கூட்டம்.

தினேஷே வந்து கையைப் பிடித்தான். "விடுங்க மாஸ்டர்."

"நீ சும்மா இருடா. உனக்காக நான் கேக்காம யாரு கேப்பா?"

தினேஷின் வாடிய முகத்தைப் பார்த்துத் தாவீதுக்கும் மனசு ஆறவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவர் பாலாஜியோடு ஒத்துப்போனார்.

"சொல்லிடும்மா. அப்பதான் அவனுக்கும் புத்தி வரும்."

திரிஷா பெருமூச்சு விட்டு மைக்கை அருகில் இழுத்தாள்.

"டாக்டர் வராம ரேஸைத் தொடங்கக் கூடாதுன்னு விதி இருக்குது, அந்த டாக்டரம்மா காருக்கு வாலாஜாபாத் ரோட்டுல வழி விடாம மண்ணுல எறக்கிட்டுப் போனவங்க, 'நிதானம் டிரைவிங் ஸ்கூல், காஞ்சிபுரம்'."