மஸ்கட் வசந்தாவின் வெண்டைக்காய்

தம்பானூரில் உட்கார்ந்தபடியே, மஸ்கட்டில் எந்த வீட்டில் இன்று என்ன குழம்பு என்று சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஆபீஸ் சொப்பனம் சார். விமானம் ஏறியதில்லை, பாஸ்போர்ட்டும் கிடையாது. கொல்லத்தைத் தாண்டினாலே தலை சுற்றும் என்பார். அவருடைய உண்மைப் பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்தது. அந்த அட்டையை அவர் எப்போதும் திருப்பியே போட்டிருந்தார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பாறசாலை, நெடுமங்காடு பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் காய்கறி வாங்கி வளைகுடா நாடுகளுக்கு விமானத்தில் அனுப்புகிற சின்ன கம்பெனி. எனக்குக் காகித வேலை. கரமனையிலிருந்து காலையில் வந்து சீல் குத்த ஆரம்பித்தால் சாயங்காலம் வரை குத்துவேன். சாருக்குத் தோட்ட வேலை. எந்தக் காய் எந்த அளவில் வேண்டும், பறிப்பதற்கு எத்தனை நாள் முன்பே மருந்து அடிப்பதை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் விவசாயிகளுக்குப் புரியவைக்க வேண்டும். அதற்காக முதலாளி பதினெட்டு விதிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். சார் அதை முதல் நாளே பஸ்ஸில் தொலைத்துவிட்டு நிம்மதியாக வந்து சேர்ந்தார்.

"விதியைச் சொன்னா எவனுக்குவே கை ஓடும்?" என்றார் என்னிடம். "ஆளைச் சொல்லணும்."

ஆளைச் சொன்னார். தோஹாவில் ஐந்து பிரம்மச்சாரிகள், ஒரே அறை, ஒரே ஒரு சின்னக் கத்தி. ஆகவே பூசணிக்காய் பெரிதாக இருக்கக்கூடாது. துபாயில் புஷ்பம் டீச்சருக்குக் கடைவாய்ப் பல் ஆட்டம். ஆகவே பயற்றங்காய் பிஞ்சாக இருக்க வேண்டும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். வயல் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். குரல் தானாக இறங்கியது.

"இப்போ டீச்சர் பயறு நறுக்குதா. ஜன்னல்ல இளவெயிலு. திரைச்சீலை மெள்ள ஆடுது. கீழ யாரோ சைக்கிள் மணி அடிச்சிட்டுப் போறான்…"

மண்வெட்டிகள் நின்றுவிட்டன. மலைப்பக்கத்து மேகம்கூடக் கொஞ்சம் நின்று கேட்டதுபோல் இருந்தது. எனக்கே சொக்கியது. ஆனால் நான் காகிதக்காரன், ஒத்துக்கொள்ள மாட்டேன். மறுவாரம் நெடுமங்காட்டுப் பெரியவர் ஒருவர் ஆபீஸ் ஏறி வந்து, "டீச்சர் பல்லுக்கு" என்று ஒரு குப்பி கிராம்புத் தைலத்தை என் மேசையில் வைத்தார். கோபத்தில் அதை என் பல்லுக்கே தடவிக்கொண்டேன். நல்ல தைலம்.

வசந்தா பிறந்தது தங்கத்துக்காக. பாறசாலைக்கு அப்பால், குத்தகை நிலத்தில் வெண்டை போட்ட ஆறு குடும்பங்களுக்குத் தங்கம்தான் தலைவி. பறிக்கிற நாளுக்கு முந்தின நாள்வரை மருந்து அடிக்கிற வழக்கம் அவளுக்கு. "புழு விழுந்தா சாரா வந்து பொறுக்குவீங்க?" என்று ஒரே போடாகப் போட்டாள். சார் கண்ணை மூடினார்.

"மஸ்கட்டுல வசந்தான்னு ஒரு பிள்ள. நம்ம நாரோயில்காரி. தலைப்பிரசவம், இப்போ அஞ்சாம் மாசம். வெண்டைக்கா மேல உசுரு. வாங்குனா மருந்து வாடை, வயித்துல நிக்கல."

அந்தப் பூவுக்கு, அதாவது அந்தப் போகம் முழுக்க, தங்கம் தெளிப்பானைத் தொடவில்லை. விடியக்காலையில் ஆறு வீட்டுப் பெண்களும் செடி செடியாகப் புழு பொறுக்கினார்கள். சார் போகும்போதெல்லாம், "வசந்தாவுக்கு வாந்தி நின்னுச்சா?" என்று விசாரணை. சாரும் கூசாமல் பதில் சொல்லிவந்தார்.

இரண்டு மாதத்தில் முதல் லோடு தயார். நாற்பது பெட்டி. மஸ்கட் வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தார்: இன்றைய விமானத்தில் வந்தால் இந்த ஆறு குடும்பத்திடம் தொடர்ந்து வாங்குவேன், வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். விமானம் பார்க்க வேண்டும் என்று தங்கமும் சரக்கோடு வந்திருந்தாள்.

விமான நிலையத்தில், எக்ஸ்ரே திரையில் ஒரு பெட்டிக்குள் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. பிரித்தார்கள். வெண்டைக்காய்க்கு அடியில், வாழையிலையில் சுற்றி, ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். இரண்டு மாங்காய். ஒரு சீட்டு: 'வசந்தாவுக்கு, தங்கம் அக்கா.'

"இதெந்தா சாரே?" என்றார் கஸ்டம்ஸ் அதிகாரி. "மாங்கா பேப்பர்ல இல்லல்லோ. ஆராணு இந்த வசந்தா?"

"ஏழாம் மாசம்லா சாரே," என்று தங்கமே முன்னால் வந்தாள். "அந்த ஊர்ல வளையல் போட்டுவிட அவளுக்கு யாரு இருக்கா?"

"ஆள் ஆருன்னு தெரியணும். இல்லேன்னா நாப்பது பெட்டியும் இங்கதான்."

"உம்ம சொப்பனம் ஆறு குடும்பத்தைத் தெருவுல நிறுத்திட்டுது, போதுமா?" என்று சாரிடம் கத்தினேன். அன்றுதான் அவர் கண் முழுசாகத் திறந்ததைப் பார்த்தேன். தங்கத்தைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார்.

"அப்படி ஒரு ஆளே இல்ல சார். நான் உண்டாக்குனது."

தங்கம் அந்தச் சீட்டை எடுத்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதிகாரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாங்காயையும் வளையலையும் வெளியே எடுத்து வைத்தார். "எல்லாப் பெட்டியும் பிரிக்கணும். சமயம் இருக்கு, வேகம் ஆவட்டும்" என்றார்.

பிரித்தோம். சாரும் நானும் தங்கமும் மண்டிபோட்டு நாற்பதையும் பிரித்துக் காட்டிக் கட்டினோம். அதிகாரி ஒரு காயின் நுனியை ஒடித்து முகர்ந்தார். "மருந்தொண்ணும் இல்ல, அல்லே?"

"அடிக்கல," என்றாள் தங்கம்.

விமானம் நாற்பது பெட்டியோடும் கிளம்பியது. சங்குமுகம் கடற்கரையில் நின்று பார்த்தோம். மாலை வெயிலில் அது கடலுக்கு மேல் சாய்ந்து, சிறுத்து, வெளிச்சத்தில் கரைந்துபோனது.

"தங்கம், இனி இந்த மாதிரிச் சொல்ல மாட்டேன்," என்றார் சார். "விதித் தாள் கொண்டு தாரேன்."

அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வசந்தா இல்லேன்னா போட்டும். இந்த நாப்பது பெட்டியைத் தின்னப்போறதுல ஒருத்தியாவது வயித்துப்பிள்ளக்காரியா இருப்பாள்லா?"

சாரும் வானத்தைப் பார்த்தார். "இருப்பா மக்கா," என்றார்.

"அப்போ மருந்து வேண்டாம். அடுத்த பூவுக்கும் பொறுக்கிக்கிடுதோம்."

தம்பானூர் வந்து, தங்கத்தின் ஊர்ப் பக்கம் போகிற நெய்யாற்றின்கரை பஸ்ஸில் மூவரும் ஏறினோம். ஜன்னலோரம் தங்கம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் இருந்த சார், பஸ் நகர்ந்ததுமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவரிடம் கத்தியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான் இறங்க வேண்டிய கரமனை ஸ்டாப் வந்தது. நான் இறங்கவில்லை.